எண்ணாத ஓடுகள்

மலைமேல் நாயுடுபுரத்தில் மதியத்துக்கே பனிமூட்டம் ஜன்னலை அடைத்துவிட்டது. ஜூலியட் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, லேப்டாப்பில் மணப்பாட்டுக் கடலின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கணவன் ஆக்னல் அங்கே முங்கி எடுத்த படம். பாறை இடுக்குகளில் சிங்கி இறால் குஞ்சுகள் எத்தனை என்று இருவரும் தனித்தனியாக எண்ணி அனுப்ப வேண்டும். அனுப்பும்வரை கணக்கைப் பற்றி மூச்சு விடக் கூடாது. புருஷன் பெண்டாட்டி என்பதால் ஆய்வு நிறுவனம் இதில் இன்னும் கறார்.

குஞ்சுகள் பெருகியிருந்தால் அந்தப் பாறைகளில் மீன்பிடிக்க இருக்கும் தடையை நீக்கிவிடுவார்கள். ஆய்வும் முடியும்; ஆக்னல் மலையேறி வீட்டுக்கு வந்துவிடுவான். குறைந்திருந்தால் இன்னும் ஒரு வருஷம் அவனுக்குக் கடல்தான்.

கல்யாணமான நாளாய் அவனை வீட்டில் பார்த்ததைவிட வீடியோவில் பார்த்ததே அதிகம். அதிலும் முகம் தெரியாது. அவன் விட்ட மூச்சு குமிழ் குமிழாக மேலே போவது மட்டும் தெரியும்.

போன் அடித்தது.

"சாப்டியா புள்ள?"

"ரசம்தான். ஒருத்திக்கு என்னத்தப் பொங்க?"

"இங்க மூணு வேளையும் மீனு. பாத்தாலே ஓடத் தோணுது." குரலைத் தாழ்த்தினான். "நல்லாப் பாத்து எண்ணு. உள்ள ஒளிஞ்சு கெடக்கும்."

"கணக்கப் பேசக் கூடாதுங்க."

"நான் எங்க பேசுனேன்? கண்ணாடியத் தொடச்சுட்டுப் பாருன்னேன்."

அவன் சொன்னது அவளுக்குப் புரியாமல் இல்லை. படத்தை மறுபடி ஓட்டினாள். இடுக்குகளில் நிறையவே தெரிந்தன. ஆனால் பாதி வெறும் ஓடுகள். வளரும்போது குஞ்சுகள் கழற்றிப் போட்டவை. மீசையும் காலும் அப்படியே இருக்கும். தண்ணீர் ஆட்டினால் உயிருள்ளதுபோல அசையும். அவற்றையும் சேர்த்தால் கணக்கு எகிறிவிடும். இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஸ்டாரை அவனே ஸ்டூல் போட்டு ஏறிக் கட்டுவான்.

ஆனால் தடையை எடுத்தால், இருக்கிற கொஞ்சத்தையும் வலை வழித்துக்கொண்டு போய்விடும்.

உயிருள்ளவற்றை மட்டும் எண்ணி அனுப்பினாள். அவன் கோபப்படுவானே என்று அடுப்படியில் போய் வெறுமனே நின்றாள்.

மறுநாள் வெள்ளனே கூப்பிட்டான்.

"ரெண்டு பேர் கணக்கும் ஒண்ணா இருக்காம். இன்னும் ஒரு வருஷமாம், ஜூலியட்."

"ஒண்ணாவா? அப்ப நீங்களும் வெறும் ஓடுகள எண்ணலையா?"

"எண்ணத்தான் நெனச்சேன். கை வரல."

"பெரிய யோக்கியரு."

"நீ மட்டும் என்னவாம்?"

சிரித்தபடி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அவன் பக்கம் படகு மோட்டார் இரைந்தது. யாரோ அவன் பேரைச் சொல்லிக் கத்தினார்கள்.

"ஆளுக கூப்டுறாங்க. வச்சிரட்டா?"

"செத்த நேரம் இருங்க."

போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவனும் வைக்கவில்லை.