தவிட்டுக்கடை பாய் வைத்த பேர்

கள்ளக்குறிச்சியில் தவிடும் புண்ணாக்கும் விற்கிற ஹயாத் பாஷாவுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. குறைந்தபட்சம் அவர் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். வெள்ளிமலையிலிருந்து தர்மனும் அவன் மனைவி மூக்காயியும் கைக்குழந்தையோடு வந்து நின்றபோது, வாயைத் திறக்குமுன்பே அளக்கிற படியைக் கையில் எடுத்துவிட்டார்.

"மாட்டுக்கு இல்ல பாய். இந்தப் புள்ளைய நீங்க தவிட்டுக்கு வாங்கிக்கணும்," என்றான் தர்மன்.

முதல் இரண்டு பிள்ளைகளும் நடை பழகுமுன்பே போய்விட்டன. மூன்றாவதை ஒரு படித் தவிட்டுக்கு அடுத்தவருக்கு விற்றுவிட்டால், அது பெற்றவர்கள் பிள்ளை இல்லை; எமன் வந்தாலும் ஏமாந்து திரும்புவான். வாங்கினவர் பேர் வைக்கவேண்டும், வளர்ப்பது பெற்றவர்கள்தான். பாய்க்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மூக்காயி சிரிக்கவில்லை. அதனால் அளந்து கொட்டினார்.

பேர் வைக்கிற பொறுப்பு அவர் தலைக்கேறியது. வியாபாரத்தைப் போட்டது போட்டபடி விட்டுத் திருக்கோவிலூர் வரை போய், பஞ்சாங்கம் பார்ப்பவரிலிருந்து கோயில் வாசலில் பூக்கட்டுகிறவர் வரை விசாரித்து, 'சிரஞ்சீவி' என்ற பேரைப் பிடித்தார். சாவே இல்லாதவன் என்று அர்த்தம். இதைவிடப் பொருத்தமாக எவன் வைப்பான்? ஜீப்பில் மலையேறும்போது வளைவுக்கு வளைவு தன்னையே மெச்சிக்கொண்டார்.

பேரைக் கேட்டதும் மூக்காயி பிள்ளையை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"வேணாம் பாய். மொதப் புள்ளைக்கு ராசான்னு வெச்சோம். ரெண்டாவதுக்குத் தங்கம். நல்ல பேரா இருந்தா எமனுக்கும் புடிச்சிப் பூடுது. ஒண்ணுக்கும் ஆவாத பேரா வெய்யிங்க."

பாய்க்கு அசடு வழிந்தது. ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்கிறவருக்குத் தன் பேரின் கதையே மறந்துபோயிருந்தது. அவருக்கு முன் பிறந்ததெல்லாம் தவறிப்போக, இதுவாவது நிலைக்கட்டும் என்று அவர் அம்மா ரசூல் பீவி 'ஹயாத்' என்று வைத்தாள். ஆயுள் என்று அர்த்தம். அவள் வாய்விட்டுக் கேட்டாள். இவள் ஒளித்துவைத்துக் கேட்கிறாள். இரண்டு பேருக்கும் பயம் ஒன்றுதான்.

"சரிம்மா. தவிடன்," என்றார். மூக்காயி அப்போதுதான் சிரித்தாள்.

தவிடன் நடந்தான், ஓடினான். தர்மனோடு கடைக்கும் வந்துபோனான். "இன்னா பாய், வாங்கின சரக்கு எப்பிடி?" என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கிண்டலடிப்பார்கள்.

"அதெல்லாம் மூடநம்பிக்கைப்பா. அவங்க மனசுக்காகச் செஞ்சேன்," என்பார் பாய், பெரிய மனுஷத் தோரணையில்.

நாலு வயதில் பையனுக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறான் என்று கேட்டதும் பாய் கடையைத் திறந்துபோட்டுவிட்டு ஓடினார். வழியெல்லாம் துஆ ஓதினார். கட்டிலருகே போனதும் 'என் ராசா' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மூக்காயி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாய் அதை விழுங்கினார். வருகிறது எமனோ, உயிரெடுக்கிற வானவர் மலக்குல் மவுத்தோ, யார் காதிலும் விழுகிற மாதிரி வார்டு அதிரக் கத்தினார்:

"இதெல்லாம் ஒரு புள்ளையா? தவிட்டுக்கு வாங்கினது! ஒண்ணுக்கும் ஒதவாது! எவனுக்கு வேணும் இது?"

நர்ஸ் அதட்டினாள். கண்ணீர் தாடிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பாய் திட்டுவதை நிறுத்தவில்லை.

பையன் பிழைத்துக்கொண்டான். கடையில் கேட்டவர்களிடம், "ஊசி வேலை செஞ்சுது, வேற இன்னா?" என்றார் பாய். சொல்லிவிட்டு ஒருதரம் மேலே பார்த்தார். பிறகு கொஞ்சம் சத்தமாகவே சேர்த்துக்கொண்டார்:

"பையன் ஒண்ணும் பிரமாதம் இல்ல."