மதகை மறந்த தவளை

சலூன்காரருக்கு இரண்டு தொழில். காலையில் முடி வெட்டுவார், மற்ற நேரமெல்லாம் ஊருக்குப் புத்தி சொல்வார். இரண்டாவது தொழிலுக்கு அவர் வைத்திருந்த பெயர் நாடகம்.

சலூனுக்குப் பின்னால் ஓடும் கால்வாயைப் பற்றி மட்டும் மூன்று நாடகம் போட்டாயிற்று. ஜனங்கள் பார்த்தார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், கைதட்டினார்கள். டீ குடித்த காகிதக் கப்பை அதே கால்வாயில் எறிந்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

நாலாவது நாடகத்துக்கு அவர் சம்சாரம் கெடு வைத்துவிட்டாள். கட்டிலுக்கு அடியில் கிரீடம், பீரோவுக்கு மேல் வால், குளியலறைக் கொடியில் தாடி. பாவம், அவளும் எத்தனை நாள்தான் பொறுப்பாள்?

“இதுதான் கடைசி. நாடகம் முடிஞ்சதும் ஒருத்தராவது கால்வாயில இறங்கிக் குப்பையை எடுக்கணும். இல்லேன்னா எல்லாத்தையும் எடைக்குப் போட்டுடுவேன். நீங்களும் கத்தரிக்கோலோட நிறுத்திக்கணும்.”

“சரி” என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் யோசித்தார். மேடை போய்விட்டால் மிச்சம் இருப்பது வெறும் சலூன்காரர்தான். அந்த ஆளோடு காலம் தள்ள அவருக்குத் துளியும் விருப்பமில்லை.

அதனால் இந்த முறை மேடையையே கால்வாய்க்குள் கொண்டுபோனார். நடுவில் ஒரு தட்டைப் படகு, அதன்மேல் மீன் ராஜாவாக அவர். ஆனால் நாடகத்தன்று சாயங்காலம் பார்த்தால் தண்ணீரே தெரியவில்லை. ஆகாயத்தாமரையும் பாட்டில்களும் பாய் விரித்திருந்தன. மதகைப் பார்த்துக்கொள்வது சம்சாரத்தின் தம்பி என்பது நல்லதாகப் போயிற்று.

“மச்சான், மதகைக் கொஞ்சம் தூக்கி விடுடா. மிதக்கிற கண்றாவியெல்லாம் அந்தப் பக்கம் போகட்டும். ஆளுங்க வர்ற நேரத்துல தண்ணி பார்க்கிற மாதிரி இருக்கணும்.”

நம் அழுக்கை அடுத்த ஊருக்குத் தள்ளிவிட்டா சுத்தத்தைப் பற்றி நாடகம் போடுவது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கலைஞர்களுக்கு இந்த மாதிரிச் சில்லறை விஷயமெல்லாம் கண்ணில் படாது.

மச்சான் மதகைத் தூக்கினான். மூடப் போகும் நேரத்தில், தவளையாக நடிக்க வேண்டிய தையல்காரர் வயிற்றுப்போக்கு என்று ஆள் அனுப்பிவிட்டார். சலூன்காரர் தவளைத் தலையை எடுத்து மச்சானுக்கு மாட்டினார்.

“மாமா, மதகு…”

“ரெண்டே வசனம்டா. சொல்லிட்டு ஓடிப்போய் மூடிக்கோ.”

முதல் வசனத்துக்கே கரையில் கைதட்டல் விழுந்தது. பிறந்ததிலிருந்து யாரும் அவனுக்குக் கைதட்டியதில்லை. மதகாவது மண்ணாங்கட்டியாவது! இரண்டு வசனம் இருபதாயிற்று. மீன் ராஜா முறைத்ததெல்லாம் அந்தத் தவளைத் தலைக்குள் போய்ச் சேரவில்லை.

திடீரென்று படகு தரைதட்டிச் சாய்ந்தது. தண்ணீர் இறங்கிப்போய்க் கால்வாயின் அடி தெரிந்தது. முதலில் இரண்டு சைக்கிள், பிறகு பேக்கரியின் பழைய பலகை, அப்புறம் ஒரு முழு சோபா.

“அது உங்க சோபா இல்ல? தங்கச்சிக்குக் கொடுத்துட்டேன்னீங்க?” என்று கரையில் யாரோ கேட்டார்கள்.

மாடிவீட்டு அம்மாளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. சலூன்காரருக்கோ உச்சி குளிர்ந்துவிட்டது. இதற்கு மேல் என்ன வேண்டும்? இரண்டு கையையும் விரித்தார்.

“பார்த்தீங்களா மக்களே! வெட்கமா இல்ல உங்களுக்கு?”

கரையில் ஒருவர்கூட அவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவருக்குப் பின்னால் பார்த்தார்கள். சேற்றிலிருந்து கதவு அகலத்துக்கு ஒரு பிளைவுட் மீன் எழும்பி நின்றது. மேலே கொட்டை எழுத்தில் ‘கால்வாய் நம் தாய்’. போன வருஷத்து நாடகத்தின் மீன்தான், வேறென்ன.

முன்வரிசையில் சம்சாரம் எழுந்தாள்.

“ஏங்க, ஸ்கூல்ல கேட்டாங்க, கொடுத்துட்டேன்னு சொன்னீங்களே. அந்த ஸ்கூல் தண்ணிக்கு அடியிலயா நடக்குது?”

ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவர் எழுதிய எந்த நகைச்சுவைக் காட்சிக்கும் அதில் கால்வாசிச் சிரிப்பு வந்ததில்லை. மனிதருக்குக் காது மடலெல்லாம் எரிந்தது. மச்சானுக்கு அப்போதுதான் புத்தி வந்து, “ஐயோ மாமா, மதகு!” என்று ஓடினான்.

அவன் போய் மூடட்டும் என்று விட்டிருந்தால் ராத்திரிக்குள் தண்ணீர் ஏறி மீன் மறைந்திருக்கும், மானமும் கொஞ்சம் தப்பியிருக்கும். சலூன்காரர் ஒரு கணம் யோசித்தார்.

“மூடாதேடா! மூடினா எல்லாம் மறுபடி உள்ள போயிடும்!”

சொல்லிவிட்டுச் சேற்றில் குதித்தார். முழங்கால்வரை உள்ளே போனது. வாலை இழுத்துக்கொண்டு தட்டுத்தடுமாறிப் போய்ப் பிளைவுட் மீனைப் பிடித்து இழுத்தார். அது அசையவில்லை. சிரிப்பு இன்னும் கூடியது.

சோபாவைப் பார்த்த கண்கள் தன்னையும் பார்ப்பது பொறுக்காமல் மாடிவீட்டு அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். பின்னாலேயே பேக்கரிக்காரர், தன் பலகையை யாரும் படிப்பதற்குள் கவிழ்த்துவிட. அவரவர் சாமானை அவரவர் மறைக்கப் பாய்ந்தார்கள். கால்வாய்மேல் பாசம் என்று யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம்.

சலூன்காரருக்குக் கண் கலங்கியது. சேற்றில் நின்றபடி கரையைப் பார்த்தார்.

“எல்லாரும் இறங்கிட்டாங்கடி. ஆனா கடைசி வசனத்தைச் சொல்லவே முடியலையே.”

“‘தாயே, உன் மடியில் நாங்கள் போட்டதை நாங்களே எடுப்போம்.’ அதானே? குளியலறையில நீங்க கத்தினது தெரு முழுக்கக் கேட்டுச்சு.”

குரல் பக்கத்தில் கேட்டது. திரும்பினார். சம்சாரம் முழங்கால் சேற்றில் நின்று மீனின் மறுமுனையைப் பிடித்திருந்தாள்.

“வாயைப் பார்த்துக்கிட்டு நிக்காதீங்க. உங்க வாலைத் தூக்கி இடுப்புல செருகுங்க, காலைத் தடுக்குது.”