முன்பு எடுத்த காட்சி

சாந்தோ தொமிங்கோவில் எங்கள் பேட்டைக்குள் ஓடும் சாக்கடைக் கால்வாயை யுபெர்கிஸ் என்ற பெண்தான் சுத்தம் செய்தாள். வீடு வீடாக ஏறி இறங்கி, பெண்களைத் திரட்டி, ஒரு வருடம் பாடுபட்டாள். ஊரைச் சீர்செய்தவர்களுக்கான உலக வீடியோப் போட்டிக்கு அதைப் படமெடுக்க அவள் கொழுந்தன் எலிஹியோ வந்தான்.

"சுத்தமான கால்வாயை எவன் அண்ணி பார்ப்பான்? முன்னாடி எப்படி நாறிச்சுன்னு காட்டணும். ஒரு வண்டி குப்பையைத் திரும்பக் கொட்டுவோம். எடுத்ததும் நானே அள்ளிடறேன்."

"பைத்தியமாடா உனக்கு? அள்ளி அள்ளி என் இடுப்பே போச்சு."

"ஜெயிச்சா நகராட்சிக்காரன் தானா ஓடி வருவான், பாருங்க."

அவள் அரைமனதாகத் தலையாட்டினாள். படம் எடுத்து முடித்ததும், நாளைக்கு அள்ளலாம் என்று எலிஹியோ கிளம்பிவிட்டான். அன்று மாலையே மழை கொட்டியது. குப்பை மதகை அடைத்தது, கரையோர வீடுகளுக்குள் சாக்கடை புகுந்தது. அவளோடு சேர்ந்து சேறு அள்ளிய பெண்களே வாசலில் வந்து கத்தினார்கள்.

"உன் சினிமாவுக்கு எங்க மெத்தைதான் கிடைச்சுதா?"

படத்துக்கு இரண்டாம் பரிசாக ஒரு கேமரா கிடைத்தது. நகராட்சியிலிருந்து யாரும் வரவில்லை. மறுபடி சுத்தம் செய்ய அவள் கூப்பிட்டபோது பேட்டையிலும் ஒருவர் வரவில்லை. ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு தனியாகவே இறங்கினாள்.

எலிஹியோ கரையில் நின்று புதுக் கேமராவைத் தூக்கினான்.

"அண்ணி, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க."

அவள் திரும்பினாள். கை நிறையச் சேற்றை அள்ளி அவன் முகத்தில் எறிந்துவிட்டு, மறுபடி குனிந்தாள்.