திறவாத தாதுப்பை

மேற்கே வானளாவி நின்ற பாறைமலைத் தொடரின் முகடுகளில் அவ்வாண்டின் முதற்பனி அன்று விடியலிலேயே விழுந்து படிந்துவிட்டதால், அடிவாரத்து எல்டன் ஊரின் கூரைகளும், வைக்கோற்போர்களும், செங்கல்லால் எழுப்பிய சிறு கல்லூரியும், கதிரவன் இருந்தும் வெம்மை இழந்த வெளிறிய ஒளியில் ஒடுங்கிக் கிடந்தன. உச்சிப்பொழுது சாய்ந்து சிறிது நேரமே ஆகியிருந்தது. கல்லூரி மாடியில், உலர்ந்த செடிகளைத் தாள்தாளாக ஒட்டி அடுக்கிவைத்த நீண்ட அறையில், ஒரு பெண் தனியே அமர்ந்து தன் வலக்கையைத் தானே அஞ்சிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பெயர் டெலியா மார்லோ. செடிநூற் பேராசான் ஹேட்லியின் நூல்களுக்கு மலர்களை வரைந்து தருபவள். பூந்தாதைத் தாங்கும் மெல்லிய தாதிழை, அதன் நுனியில் அமர்ந்த தாதுப்பை, அப்பை நீளவாக்கில் முழுதும் பிளக்கிறதா, ஓரத்தில் மட்டும் வாய் திறக்கிறதா என்பவற்றை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கியே, இது இன்ன செடி, அது வேறு செடி என்று அவ்வறையில் தீர்ப்பு எழுதுவார்கள். மயிரிழை வேறுபாட்டுக்கு அங்கே ஒரு புதுப் பெயரே பிறந்துவிடும். படிப்போரே, நகைக்க வேண்டா. அந்த மயிரிழையில்தான் ஒரு மனிதனின் உயிரும் தொங்கியது.

சென்ற ஆண்டு, செடி திரட்டும் ஓரின் டேட் என்பவன் முகட்டிலிருந்து ஒரு நீலத் தாடிநாக்குச் செடியைக் கொணர்ந்தான். ஐந்து தாதிழைகளுள் ஒன்று தாதின்றி மயிரடர்ந்து நிற்பதால் அவ்வட்டாரத்தார் அப்பூவுக்கு இட்ட பெயர் அது. விரிந்த பூ அதில் ஒன்றே இருந்தது. அதன் தாதுப்பைகளையும் வண்டு தின்றிருந்தது. படம் போகவேண்டிய அஞ்சல் வண்டி புறப்படும் வேளை. பேராசான் வாயிலில் நின்று காலைத் தட்டிக்கொண்டிருந்தார். டெலியா செய்யத்தகாத ஒன்றைச் செய்தாள். அருகிருந்த மொட்டைப் பிளந்து, அதன் தாதுப்பைகளைப் பார்த்து, அவற்றை விரிந்த மலருக்குள் பொருத்தி வரைந்துவிட்டாள். மொட்டில் எந்தப் பைதான் திறந்திருக்கும்? படத்தைக் கண்ட ஹேட்லியோ, பூத்த பின்னும் பை திறவாத புதிய இனம் இது என்று பூரித்து, இன்னும் பூக்கள் வேண்டுமென இந்தக் கோடையில் ஓரினை மீண்டும் மலைக்கு அனுப்பினார்.

புறப்பட்ட காலையில் அவன் இவ்வறை வாயிலில் நின்று சிரித்தான். "கதகதன்னு உக்காந்துகிட்டு ஒரு கோட்ட இழுத்துடுறீங்க, மிஸ் மார்லோ. அதுக்கு நான் மூணு மலை ஏறணும். அடுத்த தடவையாவது பள்ளத்துல பூக்குறதா பாத்துப் புதுசாக்குங்க!"

எட்டாம் நாள் அவனைக் கோவேறு கழுதைமேல் கிடத்திக் கொண்டுவந்தார்கள். செங்குத்துப் பாறையில் கால் வழுக்கிற்றாம்.

அன்றுதொட்டு டெலியா மலரைப் பிளக்கும் ஊசியை எடுக்கும்போதெல்லாம் இடத்தோளுக்குப் பின்னே ஒருவன் மூச்சிரைக்க நிற்பான். மலையேறி வந்தவனின் மூச்சு அது. திரும்பினால் அடுக்குப் பலகைகளைத் தவிர வேறொன்றும் இராது. மூச்சையாவது பொறுத்துக்கொள்ளலாம். கையை என்ன செய்வது? அல்லியை வரைந்தாலும் காட்டு ரோசாவை வரைந்தாலும், திறந்த பைகளையே கண் காண, கை மட்டும் மூடிய பைகளையே வரைந்தது. வரைந்ததைக் கிழித்து அடுப்பிலிட்டு அடுப்பிலிட்டு அவள் இளைத்துப்போனாள். ஒரே ஒரு புகலிடம் அவளுக்கு எஞ்சியிருந்தது: அந்தச் செடி உண்மையிலேயே பை திறவாத இனமாக இருந்துவிடலாம், அவ்வாறாயின் அவள் பிழை பிழையன்று, அவன் சாவும் வீணன்று.

அந்தப் புகலிடத்தின் கதவைத் தட்டுவாள்போல அன்று வந்தாள் ஓரினின் மனைவி ஹெட்டி. கையில் அவன் செடிகளை இட்டு இறுக்கும் பலகைக் கட்டு இருந்தது. மலையில் அவன் தங்கிய பாறையிடுக்கில் ஆட்டிடையர் ஒருவர் முந்தாநாள்தான் அதைக் கண்டெடுத்தாராம்.

"பூ இருக்கு. நான் பிரிக்கல. நீங்களே பிரிங்க, நான் பாக்கணும்," என்று அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தாள்.

டெலியா ஒரு பூவைக் கொதிநீரில் இட்டாள். காய்ந்து சருகாய்க் கிடந்தது மெல்ல நெகிழ்ந்து நீலம் கசிந்தது. ஊசியால் இதழைப் பிளந்து கண்ணாடியை ஹெட்டியிடம் முதலில் நீட்டினாள். தான் பார்க்கும் துணிவு அவளுக்கு இல்லை.

"நாலு ஒரு மாதிரி இருக்கு. அஞ்சாவது என்னங்க, ஒரே மயிரா?"

"அது மலடு. தாது கிடையாது. தாடி மட்டும்தான்."

"எங்க மாமனாரேதான்," என்று ஹெட்டி சட்டென்று சிரித்தாள். மூன்று மாதத்தில் முதற்சிரிப்பு போலும், அவளே திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு தணிந்த குரலில் சொன்னாள்: "இந்தப் பூவுக்கு எங்க வீட்டுக்காரரு பேருதான வைக்கப்போறீங்க? மலைமேல உங்கப்பா பேருல ஒரு பூ இருக்குடின்னு பொண்ணுகிட்ட சொல்லிவச்சிருக்கேன். அதச் சொல்லித்தான் தூங்கவே வைக்கிறேன்."

டெலியா குனிந்து நோக்கினாள். நான்கு பைகளும் ஒரு முனை தொட்டு மறு முனைவரை பிளந்து, தாதை உதிர்த்து, படகுபோல் விரிந்து கிடந்தன. சரிவெங்கும் ஆடு மேயும் எளிய தாடிநாக்கேதான் அது. பின்னே நின்ற மூச்சு அடங்கிற்று. பதிலுக்குக் காத்திருப்பவனைப்போல் அடங்கிற்று. ஒரு சொல் சொல்லாமல் தாளை மூடினால் போதும். நாளை நூல் அச்சேறும், பெயர் நிலைக்கும், குழந்தை தூங்கும். அவள் நாவு அந்தப் பொய்யை நாடித் தவித்தது.

"ஹெட்டி, இது புது இனம் இல்ல. நான் மொட்டப் பாத்து வரைஞ்சேன். அதனாலதான் அவர அனுப்புனாங்க."

ஹெட்டி நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"அப்ப ஒரு கோட்டுக்காகவா?"

"ஆமா. என் கோட்டுக்காக."

"மன்னிச்சேன்னு சொல்லுவேன்னு பாக்காதீங்க. எழுதுங்க. உங்க பேரப் போட்டு எழுதுங்க. நான் இங்கேயே நிக்கிறேன்."

அவ்வறையில் ஒரு மரபு உண்டு. செடித்தாளில் உள்ள பிழையான பழைய பெயர்ச்சீட்டை எவரும் கிழிப்பதில்லை. திருத்தத்தை அதனருகே, திருத்தியவர் பெயரும் நாளும் இட்டு ஒட்டுவார்கள். டெலியா எழுதினாள்: "தாதுப்பைகள் முழுநீளமும் பிளப்பன. மொட்டினின்று பொய்யாக வரைந்தவள் நான். ஓரின் டேட் உயிர்கொடுத்துக் கொணர்ந்த மலரால் இப்பிழை தெளிந்தது. டெலியா மார்லோ." கீழே அன்றைய நாளையும் இட்டாள். பசை உலருமுன் ஹெட்டி அதை எழுத்தெழுத்தாகப் படித்தாள்.

"இனி பொண்ணுகிட்ட நான் என்னத்தச் சொல்ல?"

"உங்கப்பா கொண்டாந்த பூதான் நெசம்னு சொல்லுங்க."

ஹெட்டி போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கதவருகே நின்றாள். "அத நீங்களே வந்து சொல்லுங்க."

பிழையைத் தாளில் ஒப்புவது அரிதென்று அதுவரை எண்ணியிருந்தாள் டெலியா. தாள் அழாது, அப்பா எப்போது வருவார் என்று கேட்காது. உறக்கத்துக்கு ஒரு பூவை நம்பியிருக்கும் ஆறு வயதுப் பிள்ளையின் எதிரே மண்டியிட்டுச் சொல்வதோடு ஒப்பிட்டால், எழுதியதெல்லாம் எளிதே. அவள் உருப்பெருக்கிக் கண்ணாடியை மூடிவைத்து, மேலங்கியை எடுத்துக்கொண்டு, பனி தூறத் தொடங்கிய தெருவில், முன்னே நடந்த அந்தக் கைம்பெண்ணின் பின்னால் நடந்தாள்.