ஏரி வரைக்கும்

காவலாளி ஓடி வந்து வாசல் கட்டையைத் தூக்கினார். அமரர் ஊர்தியின் முன் சீட்டில் உட்கார்ந்திருந்த அவளைப் பார்த்ததும் கட்டையைப் பாதியில் பிடித்தபடியே நின்றுவிட்டார்.

"என்னம்மா, இன்னைக்கு வண்டி மாத்தி வந்திருக்கீங்க?"

கேட்ட பிறகுதான் அது என்ன வண்டி என்பது அவருக்கு உறைத்தது. "மன்னிச்சிருங்கம்மா. படகுக் கொட்டகையிலதான் வெச்சிருக்காங்க. நேரா போங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வேறு யாரையோ நினைத்துக்கொண்டு பேசுகிறார் என்று அவள் விட்டுவிட்டாள். இந்த ஏரிக்கு அவள் வருவது இதுதான் முதல் தடவை.

காலையில் குடிநீர் அலுவலகத்தின் புகார் மேசையில் இருந்தபோது போன் வந்தது. கணவரின் சிநேகிதர் பேக்கரிக்காரர். "அண்ணி" என்றார். "சொல்லுங்க, எந்தத் தெரு?" என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டாள். அவர் சொன்னார். அவள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவைத்துவிட்டு, பக்கத்து மேசைப் பெண்ணிடம் என் அழைப்புகளை நீ எடுத்துக்கொள் என்று சொல்லி எழுந்தாள். கணவரின் உடலை ஏற்றிவரப் புறப்பட்ட வண்டியிலேயே ஏறிக்கொண்டாள்.

வழி முடியவே இல்லை. ஊர் முடிந்து, கிடங்குகள் முடிந்து, கல்லுடைக்கும் இடங்கள் முடிந்து, பிறகு ஒன்றுமே இல்லாத வெளி வந்தது. "வந்தாச்சா?" என்று கேட்டாள். "பாதிகூட வரலைம்மா" என்றார் ஓட்டுநர். ஊர் ஓரத்திலேயே ஒரு ஏரி இருக்கிறது. அங்கேயும் படகு விடுகிறார்கள், பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் வழுக்கிக்கொண்டு போகிறார்கள். "பத்து நிமிஷம் வழுக்குறதுக்கு அரை நாள் ரோட்டுல தேயணுமா?" என்று கல்யாணமான புதிதில் கணவரிடம் கேட்டிருக்கிறாள். "அதுல காத்தடிக்கும், தண்ணி சுருக்கம் சுருக்கமா கிடக்கும். அங்க ரெண்டு பக்கமும் மலை. இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும் பாரு" என்றார் அவர். லிப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க இருட்டுக் கிணறு மாதிரியான இடத்தில் மேலும் கீழுமாகத் தொங்கும் மனுஷனுக்குச் சனிக்கிழமை ஒரு நாள் குறுக்கே போக ஆசை என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஒவ்வொரு வாரமும் "வர்றியா?" என்று கேட்பார். "போற வழியெல்லாம் வாந்தி எடுக்கவா? நீங்க போயிட்டு வாங்க" என்பாள். ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்திவிட்டார். அதை அவள் ஒரு நிம்மதியாகத்தான் நினைத்திருந்தாள்.

கொட்டகையில் அவரை ஒரு நீள பெஞ்சில் கிடத்தி, கழுத்துவரை போர்த்தியிருந்தார்கள். பக்கத்து ஊர் டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். இதயம் என்று சொன்னாராம். அவள் நெற்றியைத் தொட்டாள். தலைமுடிக்குள் விரலை விட்டாள். முடி காய்ந்து, காலையில் வாரிய வகிடு கலையாமல் இருந்தது.

"நனையவே இல்லையே" என்றாள்.

பேக்கரிக்காரர் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார். போட்டிருந்த ரப்பர் உடுப்பை இன்னும் கழற்றவில்லை. "அவன் தண்ணியில இறங்கி ஒரு வருஷம் ஆச்சு அண்ணி. முட்டி போயிடுச்சில்ல? சொல்லலையா?"

"வாராவாரம் ஈரத்துண்டு கொண்டுவந்து கொடியில போடுவாரே."

"கிளம்பும்போது ஏரியில முக்கி எடுத்துட்டு வருவான்" என்றார் அவர். சிரிக்க வேண்டிய விஷயம்தான். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

நடந்ததை, அவர்களோடு வாராவாரம் வரும் இன்னொரு சிநேகிதரான டிராயிங் மாஸ்டர்தான் சொன்னார். படகை ஓட்டியது அவர். ஓட்டுகிறவர் முன்னால் மட்டுமே பார்ப்பார். பின்னால் வழுக்கி வருகிறவரைப் பார்த்துக்கொள்ள ஒருவர் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்க வேண்டும். விழுந்துவிட்டால் அவர்தான் குரல் கொடுக்க வேண்டும். இப்போதெல்லாம் அவள் கணவருக்கு அந்த வேலைதான்.

"நான் விழுந்துட்டேன் அண்ணி" என்று பேக்கரிக்காரர் இடையில் புகுந்தார். "விழுந்து மேல வந்து, நல்லாத்தான் இருக்கேன்னு கையைத் தூக்கினேன். அவன் என்னையே பாத்துட்டு இருந்தான். கண்ணு ரெண்டும் திறந்து என்மேலதான் இருக்கு. ஆனா சொல்லலை. படகு போயிட்டே இருக்கு. சின்னதாகி, புள்ளியாகி, அப்பவும் அவன் என்னையேதான் பாக்குறான்."

"அவன்தான் ஒண்ணும் சொல்லலையே, நீ வந்துட்டுதான் இருக்கேன்னு நினைச்சேன்" என்றார் டிராயிங் மாஸ்டர். "கரை முட்டுற வரைக்கும் ஓட்டினேன். திரும்பிப் பாத்தா வெறும் கயிறு."

உடலை ஏற்றினார்கள். அவள் மறுபடி அந்த வண்டியிலேயே ஏறப் போனபோது பேக்கரிக்காரர் பின்னாலேயே வந்தார்.

"அண்ணி, மாஸ்டர் அதுல போகட்டும். நீங்க என்கூட வாங்க. அவன் காரை நான்தான் ஓட்டிட்டு வரணும், படகும் அதுலதான் கட்டியிருக்கு."

"நான் அவர்கூட இருக்கேனே."

"அந்தக் காரைத் தனியா ஓட்ட என்னால முடியாது அண்ணி."

ஐம்பது கிலோ மாவு மூட்டையை ஒற்றைத் தோளில் தூக்குகிற ஆள். துக்கம் என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள். சரி என்றாள்.

காருக்குள் பெட்ரோல் வாடையும் கிரீஸ் வாடையும் இருந்தன. வெகுநாளைக்குப் பிறகு அவள் அதன் முன் சீட்டில் உட்கார்ந்தாள். அவள் குள்ளம். எந்தக் காரில் ஏறினாலும் சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டால்தான் கால் எட்டும். அடியில் கைவிட்டுத் துழாவினாள். இழுக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. பாதம் தரையில் பதிந்திருந்தது. பெல்ட்டைப் போட்டாள், அவள் அளவுக்குச் சரியாக வந்து நின்றது.

முன்னால் அமரர் ஊர்தி, பின்னால் படகை இழுத்துக்கொண்டு இவர்கள். மலை இறங்கியதும் வந்த முதல் பெட்ரோல் பங்கில் பேக்கரிக்காரர் வண்டியை ஒடித்தார். "கட்டு தளர்ந்த மாதிரி இருக்கு, பாத்துட்டு வந்துடறேன்" என்று இறங்கிப் பின்னால் போனார். அமரர் ஊர்தி சற்றுத் தள்ளி ஓரமாக நின்றது.

பங்க்கை ஒட்டிய கடையிலிருந்து ஒரு பெண் தட்டோடு வந்தாள். யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. தட்டில் இரண்டு காகிதக் கோப்பைகளில் காபி. நேராக அவள் ஜன்னலுக்கே வந்து நின்றாள். இவள் கண்ணாடியை இறக்கினாள்.

"அட, இன்னைக்குத்தான் கண்ணாடியை இறக்குறீங்க அக்கா" என்றாள் கடைக்காரப் பெண். "அண்ணன் எங்க, பின்னால கயிறு கட்டுறாரா?"

"ரெண்டு எதுக்கு?"

"எப்பவும் ரெண்டுதானே. சக்கரை கம்மியா ஒண்ணு."

சர்க்கரை குறைவாகக் குடிப்பது அவள்தான். அவர் அப்படிப்பட்ட ஆளா? இத்தனை வருஷமா? முகத்தில் எதையும் காட்டாமல், போனில் கத்துகிறவர்களிடம் பேசும் அதே நிதானத்தோடு கேட்டாள்: "இந்த சீட்ல வர்றவங்க எப்படி இருப்பாங்க?"

"யாரு?"

"வாராவாரம் அவரோட வருவாங்களே."

கடைக்காரப் பெண் சிரித்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. "என்னக்கா கேக்குறீங்க? நீங்கதானே? இதோ, கன்னத்துல இந்த மச்சம். கண்ணாடியில தலையைச் சாய்ச்சுட்டே இருப்பீங்க. அண்ணன்தான் விடாம பேசிட்டு இருப்பாரு. பாவம், எப்படித்தான் கேக்குறீங்களோன்னு நினைச்சுக்குவேன்." சற்று நிறுத்தினாள். "உங்க குரலை இப்பத்தான் கேக்குறேன்."

காபியின் ஆவி ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. அவள் இரண்டு கோப்பைகளையும் வாங்கிக்கொண்டாள்.

"அண்ணன்?" என்றாள் கடைக்காரப் பெண் மறுபடியும்.

"முன்னால நிக்கிற வண்டியில வர்றார்."

அந்தப் பெண் தலையைத் திருப்பிப் பார்த்தாள். அமரர் ஊர்தியைப் பார்த்தவள் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓரடி பின்னால் போனாள். காசு வாங்கவும் வரவில்லை.

பேக்கரிக்காரர் வந்து ஏறினார். கோப்பைகளைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். வீட்டில் அவள் கணவர் பேசாத மனிதர். ஆரம்பத்தில் அப்படி இல்லை. வேலை முடிந்து வந்து கதவைத் திறந்ததிலிருந்தே ஆரம்பிப்பார். எந்தக் கட்டடம், எந்த லிப்ட், உள்ளே யார் மாட்டிக்கொண்டு அழுதார்கள். நாளெல்லாம் பேச்சு கேட்டுக் காது புளித்துப்போன அவள், "கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன், கை எடுத்துக் கும்பிடறேன்" என்றிருக்கிறாள். கோபமாகக்கூட இல்லை. அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. சும்மா இருந்துவிட்டார்.

"போன மாசம் நீங்களும் இந்தக் கார்லதானே வந்தீங்க?" என்று கேட்டாள்.

"ஆமா. என் வண்டி ரிப்பேர்ல இருந்துச்சு."

"எங்க உக்காந்தீங்க?"

பேக்கரிக்காரர் உதட்டைக் கடித்துக்கொண்டார். "முன்னால ஏறப் போனேன். 'பின்னால உக்காருடா'ன்னான். சரி, ஏதோ சாமான் வைக்கப் போறான்னு நினைச்சேன். ஏரி வரைக்கும் அந்த சீட்டு காலியாதான் வந்துச்சு."

"பேசினாரா?"

"பேசினான்."

"உங்ககிட்டயா?"

அவர் தலையை ஆட்டினார். இல்லை என்று. "உங்களைக் கூப்பிட்டுத்தான் பேசினான் அண்ணி. பதினோராவது மாடியில ஒரு கல்யாணப் பொண்ணு மாட்டிக்கிட்ட கதை. முட்டி வலி. உங்க ஆபீஸ்ல உங்களைத் திட்டுறவனுங்களை அவன் திட்டினான். நடுநடுவுல நிறுத்துவான். கேப்பான். அப்புறம் சிரிப்பான்."

"எதைக் கேப்பார்?"

சாலை நேராக இருந்தது, வண்டி எதுவும் எதிரே வரவில்லை, ஆனாலும் அவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"உங்களுக்கு ஏதாவது கேட்டுச்சா?" என்றாள் மெதுவாக.

"பின்சீட்டுல டயர் சத்தம் ஜாஸ்தி அண்ணி" என்றார்.

அவள் கோப்பைகளில் ஒன்றைக் குடித்தாள். சர்க்கரை குறைவாக, அவளுக்குப் பிடித்த பக்குவத்தில் இருந்தது. மற்றதை அவரிடம் நீட்டினாள். "வேண்டாம், அது அவனோடது" என்றார்.

கல்லுடைக்கும் இடங்கள் திரும்ப வந்தன. சாயங்கால வெயில் பக்கவாட்டில் சாய்ந்து ஜன்னல் கண்ணாடி மீது விழுந்தது. அப்போதுதான் பார்த்தாள். கண்ணாடியின் உட்புறத்தில், அவள் தலை உயரத்தில், ஒரு வட்ட எண்ணெய்க்கறை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தலை சாய்த்ததில் படிந்து படிந்து தடித்திருந்தது. அதில் நரையோடிய ஒரு முடி ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் அதை எடுக்கவில்லை, துடைக்கவும் இல்லை. முன்னால் போகும் வண்டியின் பின்கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லத் தலையைச் சாய்த்தாள். கறை இருந்த இடத்தில் நெற்றி சரியாகப் பொருந்தியது.

வண்டி ஓடிக்கொண்டிருந்தது. பேக்கரிக்காரர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

"ம்" என்றாள் அவள். கொஞ்சம் கழித்து, "அப்புறம்?" என்றாள்.

பேக்கரிக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் அவள் மூச்சு படிவதும் மறைவதுமாக இருந்தது.