கிணற்றுக்குள் இறக்கிய எஞ்சின்

வீட்டுக்காரருக்கு அவசரம். வாளி போட்டு இறைத்தால் கிணற்று வேலை நாளைக்கும் இழுக்கும், எஞ்சின் வைத்தால் மத்தியானத்துக்குள் முடியும் என்று யாரோ அவர் காதில் ஓதியிருந்தார்கள். "எஞ்சினோட வர்றதா இருந்தா வாங்க. இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றார்.

கொண்டுவந்தார்கள். அவள், அவள் புருஷன், அவள் தம்பி, மூன்று பேருக்கும் கிணறு இறைப்பதுதான் பிழைப்பு. காலையில் விளக்கைக் கட்டி உள்ளே இறக்கிப் பார்த்தார்கள். அணையாமல் எரிந்தது. நல்ல காற்றுதான்.

பாதிக் கிணறு வரை எஞ்சின் ஒழுங்காக இழுத்தது. தண்ணீர் இன்னும் கீழே போனதும் வெறுமனே கத்தியது. மேலே உட்கார்ந்துகொண்டு எந்த எஞ்சினும் அவ்வளவு ஆழத்திலிருந்து உறிஞ்சாது. அப்போதாவது வாளியை எடுத்திருக்கலாம். அவள் புருஷனுக்கு ரோஷம். எஞ்சினையே கயிற்றில் கட்டி இறக்கி, கிணற்றுக்குள் இருந்த கல் திட்டில் வைத்து ஓட்டிவிட்டு ஏறி வந்தான். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு மேலே கொட்டியது. "பாத்தியா மாப்ள, மாமன் மூளைய!" என்று மச்சினனிடம் பீற்றிக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, தண்ணீர் நின்றுவிட்டது. குழாயில் சேறு அடைத்திருக்கும் என்று மறுபடி இறங்கினான்.

கூப்பிட்டால் பதில் இல்லை. எட்டிப் பார்த்தாள். எஞ்சின் பக்கத்தில் சுருண்டு கிடந்தான். முகத்தில் அடித்த புகையில் அவளுக்கே தலை சுற்றியது. காலையில் பார்த்த காற்று எப்போதோ போய்விட்டது; எஞ்சின் கக்கிய புகை போக வழியில்லாமல் உள்ளேயே தேங்கிக் கிடந்தது.

"எறங்காதடா, உள்ள பூரா விஷம்!"

"விடுக்கா! மாமா கெடக்கறாரு!"

"எறங்குப்பா, சீக்கிரம் எறங்கு" என்றார் வீட்டுக்காரர். அடுத்தவன் உயிர் என்றால் எல்லோருக்கும் தைரியம் பொத்துக்கொண்டு வரும்.

தம்பி அவளைத் தள்ளிவிட்டு, துண்டை மூக்கைச் சுற்றிக் கட்டினான். அந்தத் துண்டு புகையை என்ன செய்துவிடும்? இறங்குவதற்கு இருந்தது ஒரே கயிறு. தூணில் கட்டியிருந்த முடிச்சை அவள் அவிழ்த்துவிட்டாள். கயிறு சரசரவென்று உள்ளே போய் விழுந்தது.

தம்பி அவள் கன்னத்தில் அறைந்தான். "கொன்னுட்டியேக்கா! உன் புருஷன்தானே அவரு!"

வாங்கிக்கொண்டாள். அவன் இடுப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "தீயணைப்பு வண்டியக் கூப்பிடுங்கய்யா, அவங்ககிட்டதான் முகமூடி இருக்கும்" என்று வீட்டுக்காரரைப் பார்த்துக் கத்தினாள்.

வண்டி வருவதற்குள் பெட்ரோல் தீர்ந்து எஞ்சின் தானாக நின்றது. தம்பி அழுகையை அடக்கிக்கொண்டு கிணற்றுப் பக்கம் காது கொடுத்தான். அவளும் கேட்டாள். கீழேயிருந்து ஒரு முனகல் வந்தால் போதும், தம்பி குதித்துவிடுவான். அப்புறம் அவளால் பிடித்து வைக்க முடியாது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனுஷனின் குரல் கேட்டுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டாள்.