பாலம் கட்டிய மச்சானின் படகு

பாலத்தைத் தாழ்வாகக் கட்டி, பாய்மரப் படகுகள் ஆற்றுக்குள் வர முடியாமல் செய்தவர் படகுப் பட்டறைக்காரனின் அக்கா புருஷன்தான். "உன் ஒருத்தனுக்காக உசத்திக் கட்டணுமா?" என்று அன்று சிரித்தார் அந்த இன்ஜினியர். அதோடு பட்டறை படுத்துவிட்டது.

இப்போது இன்ஜினியரின் சொந்தப் பாய்மரப் படகு, அடியில் ஓட்டை விழுந்து, பாலத்துக்கு அந்தப் பக்கம் தவித்தது. படகைத் தூக்கும் கிரேன் இந்தப் பக்கம், பட்டறையில் இருந்தது.

"மாப்ளே, உள்ள தண்ணி ஏறுது! பாய்மரம் பாலத்துல இடிக்குது. ஏதாவது வழி சொல்லுடா!"

தண்ணீர் டிரம்களை ஒரு ஓரமாக அடுக்கினால் படகு சாயும், பாய்மரமும் தாழும். சாய்ந்தபடியே பாலத்துக்கு அடியில் நுழைந்துவிடும். பாலத்தின் மேல் நின்ற பட்டறைக்காரன் அதைச் சொல்லவில்லை.

"உங்க பாலம்தானே மச்சான், கொஞ்சம் எழுந்து நிக்கச் சொல்லுங்க."

"விளையாடாதடா, படகு முழுகிடும்!"

"அப்போ மரத்தை அறுத்துடுங்க."

பட்டறையிலிருந்து கையோடு கொண்டுவந்திருந்த ரம்பத்தைக் கயிற்றில் கட்டி இறக்கினான். இன்ஜினியர் அவனைத் திட்டிக்கொண்டே அறுத்தார். மரம் முறிந்து ஆற்றில் விழுந்த சத்தத்தில் பட்டறைக்காரனுக்கு வயிறு குளிர்ந்தது. பிறகு கிரேனை இயக்கப் போனான், அவசரமே இல்லாமல்.